பேஸ் வாசிக்கறவங்களுக்கு ஒரு நல்ல ஜாம் ரூம், கணபதி பக்கம் (கொஞ்சம் நீளமான ரிவ்யூ)

கோயம்புத்தூர்ல ஜாம் ரூம்னு (பேண்டு ரிகர்சல் பண்ற வாடகை ரூம்) தேடறப்ப எல்லாரும் கேக்கறது என்ன டிரம்ஸ் கிட் இருக்கு, என்ன ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கற ஸ்பீக்கர் பொட்டி) இருக்கு, ஏசி இருக்கா, மணிக்கு எவ்வளவு, இவ்வளவுதான். நான் பேஸ் கிட்டார் வாசிக்கறவன், எனக்கு அதெல்லாம் அப்பறம், நான் மொதல்ல பாக்கறது அந்த ரூம்ல நான் வாசிக்கற நோட்டு எது எதுன்னு எனக்கும் மத்தவங்களுக்கும் பிரிஞ்சு கேக்குதாங்கறதுதான். அப்படி கேக்கற ரூம் நம்ம பக்கம் நெம்ப கம்மிங்க. கணபதியில சத்தி ரோட்டுல இருந்து உள்ள திரும்பி, லேத் பட்டறைங்க வரிசையா இருக்கற தெருவுல மாடியில இருக்கற இந்த ரூம்ல கேக்குது. ஏன் கேக்குது, எங்க இன்னும் குறை இருக்குதுன்னு ரெண்டையும் எழுதறேன், ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சில இருந்து வர்ற பேண்டுகளுக்கும் உபயோகமா இருக்கும்.

நாங்க ரெண்டு விதமா வாசிக்கறோம். கோயில் நோம்பிக்கும் கல்யாண ரிசப்ஷனுக்கும் ஆர்கெஸ்ட்ரா ஒரு பக்கம், நாலு பேர் சேர்ந்து சொந்தமா பாட்டு போடற பேண்டு இன்னொரு பக்கம். ரெண்டுக்கும் ரிகர்சல் வேணும், ரெண்டுலயும் பேஸ்காரனுக்கு வர்ற பிரச்சனை ஒன்னுதான். கிட்டார்காரன் சத்தம் ஏத்துவான், கீபோர்டுக்காரரு இடது கையில லோ நோட்டு எல்லாம் சேத்து அமுக்குவாரு, டிரம்மர் இதுக்கு மேல அடிப்பாரு, கடைசில "பேஸ் கேக்கலப்பா"ன்னு ஒருத்தர் சொல்வாரு, "பேஸ் ஓவரா இருக்கு"ன்னு இன்னொருத்தர் சொல்வாரு. அதே நேரத்துல, அதே பாட்டுக்கு. ரெண்டு பேரு சொல்றதும் நெசந்தாங்க, அதுதான் இதுல இருக்கற விசயம்.

பேஸ் கிட்டார்ல கீழ இருக்கற ஈ ஸ்ட்ரிங் ஓபனா அடிச்சா 41 ஹெர்ட்ஸ். அந்த ஒரு அலையோட நீளம் எட்டு மீட்டருக்கு மேல, 27 அடி. ஜாம் ரூம் எல்லாம் எவ்வளவு பெருசு, 12 அடி, 14 அடி. ரூமோட நீளம் அந்த அலையில பாதி வந்துச்சுன்னா அந்த நோட்டு மட்டும் ரூமுக்குள்ள மாட்டிக்கும், செவுத்தோரம் நிக்கறவனுக்கு பொங்கும், ரூம் நடுவுல நிக்கறவருக்கு அதே நோட்டு காணாம போயிரும். பேஸ்காரன் எப்பவும் ஆம்புக்கு பக்கத்துல செவுத்தோரம் நிப்பான், பாடறவங்க நடுவுல மைக் முன்னாடி நிப்பாங்க. அவங்களுக்கு கேக்கல, நமக்கு மண்டைய இடிக்குது. இதுக்காக எத்தனை பேண்டுல சண்டை வந்திருக்குன்னு பேஸ் வாசிக்கற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

முன்னாடி நாங்க போய்ட்டிருந்த ஒரு ரூம் (பேரு வேண்டாம்) 14க்கு 14 சதுரம். 14 அடிங்கறது ஈ நோட்டோட பாதி அலைக்கு நெருக்கம், அதுவும் நீளம் அகலம் ரெண்டு பக்கமும் ஒரே அளவுன்னா அந்த ஒரே நோட்டு ரெண்டு மடங்கு பொங்கும். ஆம்பைக் கொண்டுபோய் மூலையில வச்சிருப்பாங்க, மூலையில வச்சா பொங்கற எல்லா நோட்டும் இன்னும் பொங்கும். செவுரு பூரா நாமக்கல் முட்டை ட்ரே ஒட்டி "சவுண்ட் ப்ரூஃப்"னு சொன்னாங்க. முட்டை ட்ரே சத்தத்தை வெளிய போகாம தடுக்காதுங்க, மேல இருக்கற கீச்சு சத்தத்தை ஏதோ கொஞ்சம் சிதறடிக்கும், எட்டு மீட்டர் அலைக்கு மெல்லிசு காகித அட்டை என்ன பண்ணும்? தீப்பிடிச்சா மட்டும் நல்லா எரியும். அந்த ரூம்ல ரெண்டு மணி நேரம் வாசிச்சுட்டு வெளிய வந்தா கல்யாண மண்டபத்து அண்டாக்குள்ள தலைய விட்டுட்டு வந்த மாதிரி இருக்கும், ஆனா பாட்டுல நான் என்ன வாசிச்சேன்னு யாருக்கும் தெரியாது.

இப்ப இந்த கணபதி ரூமுக்கு வர்றேன்.

ரூம் 18க்கு 13, ஒசரம் 10 அடி. மூனும் மூனு அளவு, சதுரம் இல்ல, இதுவே பாதி ஜெயிச்ச மாதிரி. ஓனர் அண்ணன் முன்னாடி ஆர்கெஸ்ட்ரால வாசிச்சவரு, அதனால எது எங்க பொங்கும்னு அவருக்கு கையில தெரிஞ்சிருக்கு. நாலு மூலையிலயும் தரையில இருந்து மேல வரைக்கும் ஒரு அடி கனத்துக்கு மரச்சட்டம் அடிச்சு, அதுக்குள்ள திருப்பூர்ல இருந்து மூட்டையா வாங்கிட்டு வந்த பனியன் வேஸ்ட் துணிய அடைச்சு, மேல காடாத்துணி போட்டு தச்சிருக்காரு. கடையில விக்கற ஒரு இன்ச் பஞ்சு ஷீட்டு எல்லாம் பேஸுக்கு ஒன்னும் பண்ணாதுங்க, லோ நோட்டை புடிக்கணும்னா கனம் வேணும், அதுவும் மூலையில வேணும், ஏன்னா லோ சத்தம் வந்து கூடற எடமே மூலைதான். துணி தீப்பிடிக்கற சாமான், அதை நான் அவருகிட்டயே கேட்டேன், அந்த சட்டம் பக்கம் ஒரு வயரும் போகாம எல்லா லைனையும் எதிர் செவுத்துல பைப்புல கொண்டுபோயிருக்காரு, கதவு பக்கத்துல தீயணைக்கற சிலிண்டரும் மாட்டியிருக்கு. இருந்தாலும் ரூமுக்குள்ள யாரும் சிகரெட் எடுக்காதீங்க, சொல்லிட்டேன்.

டிரம்ஸ் கிட்டுக்கு கீழ பவானி ஜமக்காளம், அதுக்கு கீழ பொள்ளாச்சி தேங்காநார் மேட்டு. ஜமக்காளம் நல்ல முரட்டு நெசவுங்கறதால கிக் டிரம் (காலால அடிக்கற பெரிய டிரம்) முன்னாடி நகராது, டிரம்மர் அடிக்கொருதரம் இழுத்து வச்சிட்டிருக்க வேண்டியதில்ல. பேஸும் கிக்கும் ஒன்னா உழுந்தாத்தான் பாட்டு நிக்கும், கிக் அது பாட்டுக்கு அரை அடி தள்ளிப்போயிட்டு இருந்தா டிரம்மர் காலு எட்டாம டைமிங் தடுமாறும், அது நேரா நம்ம கையிலதான் வந்து விடியும்.

எனக்கு நெம்ப புடிச்சது ரிகர்சலுக்கு முன்னாடி அந்த அண்ணன் பண்ற பத்து நிமிச வேலை. அதுக்கு காசு இல்ல, ஸ்லாட்டுக்கு முன்னாடியே விட்டுருவாரு. எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிட்டு டிரம்மரை கிக் மட்டும் அடிக்கச் சொல்வாரு, டும்… டும்… டும்னு. "தம்பி, நீங்க இப்ப ஈ ஸ்ட்ரிங்ல ஓபன்ல இருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டா மேல வாங்க, ஒரே சத்தத்துல அடிக்கோணும், வேகம் வேண்டாம்"னு சொல்லிட்டு ரூமுக்குள்ள மெதுவா நடப்பாரு (ஃப்ரெட்டுன்னா கிட்டார் கழுத்துல இருக்கற கம்பிக் கட்டம்). பாடறவங்க நிக்கற எடத்துல நிப்பாரு, கீபோர்டு பக்கம் நிப்பாரு, நடுவுல கொஞ்சம் குனிஞ்சு கூட கேப்பாரு. அப்பறம் வந்து ஆம்பை ஒரு சாண் இக்கட்டால நகத்துவாரு. தரையில ஆம்ப் வைக்கற எடத்துக்கு கலர் கலரா டேப் ஒட்டியிருக்கு, ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒன்னு, நாலு பேரு பேண்டுக்கு ஒன்னு, ஏன்னா ஆளு கூடினா ரூமுக்குள்ள சத்தமும் மாறுது. நான் போன வேற எந்த ரூம்லயும் பேஸுக்காக ஒருத்தர் இவ்வளவு மெனக்கெட்டு பாத்ததில்லைங்க.

ஆம்ப் ஃபெண்டர் ரம்பிள் 100. 100 வாட்ஸ், 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்னு, வெயிட்டு பத்து கிலோதான். இதை அவரு தரையில வைக்கல, கீழ இருக்கற லேத் பட்டறையில இரும்பு ஆங்கிள்ல ஒரு ஸ்டேண்டு வெல்டு பண்ணி வாங்கி, முட்டிக்கு மேல ஒசரத்துல கொஞ்சம் மல்லாக்க சாச்சு வச்சிருக்காரு. இது சின்ன விசயம் மாதிரி தெரியும், ஆனா பேஸ்காரனுக்கு பெரிய விசயம். ஆம்ப் தரையில இருந்தா நோட்டைத் தெளிவா காட்டற மிட் சத்தம் (லோவுக்கும் கீச்சுக்கும் நடுவுல இருக்கறது) எல்லாம் நம்ம முழங்காலுக்குப் போகும், காதுக்கு வெறும் உறுமல்தான் வரும், கேக்கலன்னு வால்யூமை ஏத்துவோம், எதுக்க நிக்கறவரு அலறுவாரு. காதைப் பாத்து சாச்சு வச்சா பாதி வால்யூம்லயே நமக்கு கேட்டுரும்.

அந்த ஆம்ப்ல கான்டூர்னு ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கினா மிட் குறைஞ்சு லோ ஏறும். வீட்ல தனியா வாசிக்கறப்ப அதை அமுக்கினா அவ்வளவு அழகா இருக்கும், பேண்டோட வாசிக்கறப்ப அமுக்கினா ஆளே காணாம போயிருவோம். கிக்கும் நம்மளும் ஒரே எடத்துல போய் முட்டிக்குவோம், மேல கிட்டாரு மூடிரும். அதனால இங்க வர்ற பேஸ்காரங்களுக்கு நான் சொல்றது கான்டூரை எடுத்துருங்க, பேஸ் நாபை நடுவுல இருந்து கொஞ்சம் குறைங்க, லோ மிட்டை கொஞ்சம் ஏத்துங்க. தனியா கேட்டா நல்லா இல்லாத மாதிரிதான் இருக்கும், எல்லாரும் சேர்ந்து வாசிக்கறப்ப பாருங்க. ராஜா பாட்டு வாசிக்கறவங்களுக்கு இது கட்டாயம் வேணும், அதுல பேஸ் லைன் தனியா ஒரு பக்கம் பாடிட்டே போகும், ரூட் நோட்டை (அடிப்படை நோட்டு) மட்டும் தட்டிட்டு ஒப்பேத்த முடியாது, நோம்பில மொத வரிசையில சேர் போட்டு உக்காந்திருக்கற பெரியவரே "அந்த எடத்துல ஒன்னு வரோணுமே, ஏம்ப்பா வரல"ன்னு கேப்பாரு.

ஆம்ப் 100 வாட்ஸ் போதுமான்னு கேட்டா, நாலு பேரு பேண்டுக்கு போதும். எங்க ஆர்கெஸ்ட்ரா டிரம்மர் மாதிரி தோள்ல இருந்து அடிக்கற ஆளா இருந்தா, கூட தவில், பம்பை எல்லாம் வந்துச்சுன்னா, பத்தாதுங்க. அப்ப ஆம்புக்கு பின்னால இருக்கற டிஐ அவுட்ல இருந்து மிக்சருக்கு எடுத்து பெரிய ஸ்பீக்கர்லயும் கொஞ்சம் உட்டுக்கலாம், கேட்டா அவரே கேபிள் போட்டுத் தருவாரு.

கரண்ட் விசயம் தனியா சொல்லணும். நம்ம ஊர் லைன் 50 ஹெர்ட்ஸ், எர்த்திங் சரியில்லாத ரூம்ல பேஸைச் சொருகின உடனே ம்ம்ம்னு ஒரு இரைச்சல் வரும் பாருங்க, அது அந்த லைன்தான். ஈ ஸ்ட்ரிங்ல மூனாவது ஃப்ரெட் ஜி நோட்டு 49 ஹெர்ட்ஸ். 5 கட்டை, அதாவது ஜி சுருதி பாட்டு எடுத்து ரூட்டை நீட்டிப் புடிச்சா அந்த 50ம் இந்த 49ம் ஒன்னோட ஒன்னு சேர்ந்து செகண்டுக்கு ஒருக்கா ஊசலாடும், நம்ம ட்யூனிங்தான் போச்சோன்னு நெனைச்சு பெக்கைத் திருகிட்டே இருப்போம். இங்க அந்தத் தொல்லை நெம்ப கம்மி. கட்டடத்துக்குப் பின்னால ஸ்டுடியோவுக்குன்னே தனியா எர்த் குழி, கரியும் உப்பும் போட்டு பைப்பு எறக்கினது. சித்திரை வெயில்ல மண்ணு காஞ்சா எர்த் சரியா எடுக்காதுன்னு பொழுதோட ஒரு குடம் தண்ணி அந்தக் குழியில ஊத்திட்டுத்தான் மேல வர்றாரு மனுசன்.

ஆனா பகல்ல போனா கீழ பட்டறையில வெல்டிங் ஓடிட்டே இருக்கும், ஆர்க் அடிக்கறப்ப எல்லாம் ஆம்ப்ல சர்ரு சர்ருன்னு ஒரு சத்தம் ஏறி எறங்கும். ஜாஸ் பேஸ் மாதிரி ரெண்டு சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வைப் புடிக்கற காயில்) இருக்கற கிட்டார்னா ரெண்டு வால்யூமையும் முழுசா வச்சுக்கோங்க, ஒன்னை மட்டும் குறைச்சா இரைச்சல் கூடும். இல்லைன்னா பேசாம ஆறு மணிக்கு மேல ஸ்லாட் எடுங்க, பட்டறை மூடிருவாங்க. பட்டறைத் தெருங்கறதுல ஒரு நல்லதும் இருக்கு, ராத்திரி பத்து மணி வரைக்கும் வாசிச்சாலும் பக்கத்து வீட்டுல இருந்து யாரும் வந்து கதவைத் தட்டறதில்ல, ஏன்னா பக்கத்துல வீடே இல்ல.

குறைகளை சொல்லிர்றேன். 13 அடி அகலத்துக்கு எஃப் நோட்டு, அதாவது ஈ ஸ்ட்ரிங்ல மொத ஃப்ரெட்டு, அது நேரா வந்து உக்காருது. மூலையில அவ்வளவு துணி அடைச்சும் அது மட்டும் இன்னும் கொஞ்சம் பொங்குது. 4 கட்டை பாட்டுக்கு அதுதான் ரூட்டே, அதனால 4 கட்டை வந்தா நான் கீழ எஃப்பை விட்டுட்டு டி ஸ்ட்ரிங்ல மூனாவது ஃப்ரெட் எஃப்புக்கு மேல போயிர்றேன், இல்லாட்டி உள்ளங்கைய ஸ்ட்ரிங் மேல லேசா வச்சு அடக்கி வாசிக்கறேன். அண்ணன்கிட்டயும் சொல்லியிருக்கேன், பக்கச் செவுத்துலயும் சட்டம் அடிக்கணும்னு அவரும் சொல்றாரு, சீக்கிரம் பண்ணா நல்லா இருக்கும்.

வாடகைக்கு ஒரு ஃபைவ் ஸ்ட்ரிங் பேஸ் வச்சிருக்காங்க, யமஹா. இது இருக்கறது பெரிய உதவி. ஏன்னு ஆர்கெஸ்ட்ராக்காரங்களுக்குத் தெரியும். 3 கட்டையில (ஈ சுருதி) பழகி வச்ச பாட்டை, பாடற அக்கா வந்து "தொண்டை சரியில்ல தம்பி, ரெண்டரையில போயிரலாமா"ன்னு கேப்பாங்க, கீபோர்டுக்காரரு ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஒரு அமுக்கு, அவரு வேலை முடிஞ்சது. கிட்டார்காரரு கேப்போவை கழட்டி மாட்டுவாரு. நாலு ஸ்ட்ரிங் பேஸ்காரனுக்கு ஈ-க்கு கீழ போக எடமே கிடையாது, ஓபன் ஸ்ட்ரிங்ல வந்த ரூட்டு இப்ப ஏ ஸ்ட்ரிங்ல ஆறாவது ஃப்ரெட்டுக்கு போயிரும், லைன் பூரா கைய மாத்திப் புடிக்கணும், சத்தமும் மெல்லிசாயிரும். அஞ்சு ஸ்ட்ரிங் இருந்தா கீழ பி ஸ்ட்ரிங்ல நாலாவது ஃப்ரெட்டு, அந்த கனம் அப்படியே நிக்கும். ஆனா அந்த வாடகை பேஸ் ஆக்டிவ் டைப், 9 வோல்ட் பேட்டரில ஓடறது, முன்னாடி வாசிச்சவங்க கேபிளைக் கழட்டாம விட்டுட்டு போயிருவாங்க, கேபிள் சொருகியிருந்தாலே பேட்டரி தீந்துட்டே இருக்கும். ஒருக்கா ரிகர்சல் நடுவுலயே சத்தம் கரகரத்து செத்துப் போச்சு, அண்ணனும் வெளிய போயிருந்தாரு, வேற பேட்டரியும் இல்ல, அந்த ஸ்லாட்ல பாதி வீணாப்போச்சு. ஸ்ட்ரிங்கும் பழசு, மாத்தி நாளாச்சு போல. எடுக்கறவங்க ஒரு 9 வோல்ட் பேட்டரி பாக்கெட்ல போட்டுட்டு போங்க. மணிக்கு 100 ரூபா வாடகை வாங்கறப்ப இதை கடைக்காரங்கதான் பாத்துக்கோணும், இது நெசமாவே சரி பண்ண வேண்டிய குறை.

மாடிப்படி குறுகல், லிஃப்ட் இல்ல. சொந்த கேபினட் தூக்கிட்டு வர்றவங்களுக்கு திருப்பத்துல இடிக்கும்.

ரெக்கார்டிங் கேட்டா மிக்சர்ல இருந்து பென் டிரைவ்ல போட்டுக் குடுப்பாங்க. போன்ல எடுக்கறதை விட இது எவ்வளவோ தேவலாம், போன் ஸ்பீக்கர்ல போட்டு கேட்டா பேஸே வாசிக்கல போலன்னு தோணும், அந்த குட்டி ஸ்பீக்கருக்கு 41 ஹெர்ட்ஸ் எல்லாம் வராது. ஆனா மிக்சர் ரெக்கார்டிங்ல பேஸ் டிஐல நேரா போறதால பெருசா கேக்கும், டிரம்ஸுக்கு கிக் மைக்கும் மேல ஒரு மைக்கும்தான், அதனால அதைக் கேட்டு பேலன்ஸை முடிவு பண்ணாதீங்க. நான் அதை டைமிங் பாக்க மட்டும் வச்சுக்கறேன், கிக்குக்கு முன்னாடி உழறேனா பின்னாடி உழறேனான்னு. ஹெட்செட் போட்டு கேட்டா ஒளிக்க முடியாது, எல்லாம் தெரியும்.

சத்தத்தைப் பத்தி அந்த அண்ணன் வச்சிருக்கற ஒரு ரூல் எனக்கு நெம்ப மரியாதையான விசயமாப் பட்டது. டிரம்ஸ் எவ்வளவு சத்தமோ அதுக்கு மேல யாரும் போகக்கூடாது, மாஸ்டர்ல யாரும் கை வைக்கக்கூடாது, கேக்கலன்னா அவரைக் கூப்பிடணும். சில பேண்டு பசங்களுக்கு இது புடிக்கல, வெளிய போய் திட்டுறாங்க. அவரு சொல்றதுதான் சரிங்க. 85 டெசிபெல்ல எட்டு மணி நேரம் வரைக்கும் காது தாங்கும்னு ஒரு கணக்கு, அதுக்கு மேல ஒவ்வொரு மூனு டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும், 100க்கு போனா கால் மணி நேரந்தான். நாம ரெண்டு மணி நேரம் சிம்பலுக்கு பக்கத்துல நிக்கறோம். பேஸ்காரன் எப்பவும் டிரம்மரோட ஹை ஹாட் பக்கம்தான் நிப்பான், அவன் காலைப் பாத்துட்டே வாசிக்க. அந்தப் பக்கத்து காதுலதான் மொதல்ல அடி உழும். அங்கயே இயர் ப்ளக் விக்கறாங்க, வாங்கிக்கோங்க, போட்டா எல்லா சத்தமும் கொறையும், லோ சத்தத்தை விட கீச்சு இன்னும் அதிகமா கொறையும், அதனால பேஸ் அப்பவும் கேக்கும்.

ரேட்டு மணிக்கு 400, ரெண்டு மணி நேரமா எடுக்கணும். டிரம்ஸ், ரெண்டு கிட்டார் ஆம்ப், பேஸ் ஆம்ப், மூனு மைக் இதுலயே வந்துரும். கீபோர்டு ஸ்டேண்டு இருக்கு, கீபோர்டு நீங்கதான் கொண்டாரோணும். ட்யூனர் பெடல் கேட்டா தருவாங்க, ஆனா சொந்தமா ஒன்னு வச்சுக்கறதுதான் நல்லது. நடுவுல டீக்கு தெருமுனை பேக்கரி, தேங்கா பன்னு நல்லா இருக்கும், ரூமுக்குள்ள தின்னக் கூடாது.

காந்திபுரத்துல இருந்து சத்தி ரோடு பஸ் எதுல ஏறினாலும் கணபதியில எறங்கி நடக்கற தூரம்தான். வண்டி நிறுத்த பட்டறைக்கு முன்னாடி எடம் இருக்கு, பகல்ல கெடைக்காது, பொழுதோட கெடைக்கும். மாசி, பங்குனி, சித்திரையில நோம்பி சீசன், அப்ப ஆர்கெஸ்ட்ராக்காரங்களே எல்லா ஸ்லாட்டையும் புடிச்சுருவாங்க, பேண்டு பசங்க ஒரு மாசம் முன்னாடியே வாட்ஸப்ல சொல்லி வச்சுருங்க. மத்த நாள்ல சனி ஞாயிறு வேணும்னா புதன்கிழமைக்குள்ள மெசேஜ் போடுங்க, போடறப்பவே எத்தனை பேரு, தவில் பம்பை உண்டா, ஃபைவ் ஸ்ட்ரிங் வேணுமான்னு சேத்துப் போட்டுருங்க, நீங்க போறதுக்குள்ள ஆம்ப் அந்த டேப்புல போய் உக்காந்திருக்கும்.